எந்த வெளிநாட்டு மொழி படிக்கலாம்? பீஸ் கட்டறதுக்கு முன்னாடி இதை பாத்துடுங்க

ஜெர்மன் படிக்கட்டுமா ஜாப்பனீஸ் படிக்கட்டுமானு கேக்கறவங்ககிட்ட நான் திருப்பி ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், படிச்சுட்டு யார்கிட்ட பேசப் போறீங்க? முக்காவாசி பேர்கிட்ட இதுக்கு பதில் இருக்காது, ஸ்கோப் இருக்காம்னு யாரோ சொன்னாங்க, அவ்வளவுதான். நான் பிளஸ் டூல பிரெஞ்சு எடுத்ததும் இப்படித்தான், தமிழை விட மார்க் ஈசியா வரும்னு எல்லாரும் எடுத்தாங்க, நானும் எடுத்தேன், 200க்கு 190க்கு மேல வந்துச்சு. அடுத்த வருஷம் பாண்டிச்சேரில ஒரு பிரெஞ்சுக்கார பாட்டி என்கிட்ட வழி கேட்டாங்க, ஒரு வார்த்தை வாய்ல வரல. ரெண்டு வருஷம் படிச்ச மொழி. அந்த வருத்தம் இன்னும் இருக்கு, அதனாலதான் இதை இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல ஒரு பேப்பர் எடுத்து, அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல எங்க இருக்கப் போறீங்கனு எழுதுங்க. பத்து வருஷம் கழிச்சு இல்ல, ரெண்டு மூணு வருஷம். நர்சிங் முடிச்சுட்டு ஜெர்மனி போகணும்னா யோசிக்கவே வேணாம், அங்க லைசென்ஸ் வாங்க ஜெர்மன்ல பொதுவா பி2 லெவல் வேணும், ஆரம்ப லெவலான ஏ1ல இருந்து அது நாலாவது படி, வேலைக்கு போய்க்கிட்டே படிச்சா ஒரு வருஷத்துல முடியும்னு நினைக்காதீங்க. மாஸ்டர்ஸ் போறவங்களுக்கு கோர்ஸ் இங்கிலீஷ்லயே கிடைக்கும், ஆனா பார்ட் டைம் வேலைக்கும் படிச்சு முடிச்சப்புறம் தேடற வேலைக்கும் ஜெர்மன் இல்லாம கஷ்டப்படறவங்களை நிறைய பாத்துட்டேன். கனடா பிஆர், அதாவது அங்கயே நிரந்தரமா குடியேறற கனவு இருக்கறவங்க பிரெஞ்சை சீரியஸா பாக்கலாம், அதுக்கு ஆளெடுக்கற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைல 2023ல இருந்து பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்கு தனியா டிரா நடத்தறாங்க, ஆனா பேச்சு எழுத்து கேக்கறது படிக்கறது நாலுலயும் கனடா அளவுகோல்ல லெவல் 7 வேணும், பிளஸ் டூ பிரெஞ்சு அதுக்கு பக்கத்துல கூட வராது. ஊரை விட்டு போற ஐடியாவே இல்லையா, ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் பக்கம் கொரியா ஜப்பான் கம்பெனிங்க வரிசையா இருக்கு, அங்க மொழி தெரிஞ்ச ஆளுக்கு எப்பவும் தேவை இருக்கு.

அடுத்து பாக்க வேண்டியது, எந்த மொழி எவ்வளவு கஷ்டம்ங்கறது. நெட்ல தேடினா அமெரிக்க வெளியுறவுத் துறை டிரெயினிங் சென்டர் போட்ட ஒரு லிஸ்ட் எல்லா இடத்துலயும் வரும், ஜாப்பனீஸ் கொரியன் சைனீஸ் அரபி எல்லாம் 2200 மணி நேரம், ஸ்பானிஷ் அதுல சுமார் மூணுல ஒரு பங்குனு போட்டிருக்கும். அதை பாத்து பயந்துட்டு ஜாப்பனீஸை விட்டவங்க உண்டு. அந்த லிஸ்ட் இங்கிலீஷை தாய்மொழியா பேசறவங்களுக்கு போட்டது, அதே லிஸ்ட்ல தமிழுக்கு 1100 மணி நேரம்னு இருக்கு பாருங்க! நம்ம வீட்டு குழந்தை எந்த மணிக்கணக்கும் இல்லாம பேசுது. நமக்கு எது கஷ்டம்ங்கறத தமிழ்ல இருந்துதான் கணக்கு போடணும்.

இதை நான் வேலை பாக்கற பிளாண்ட்ல வச்சே சொல்றேன். ஒரு ஜப்பான் இன்ஜினியர் புதுசா சேர்ந்த பையன்கிட்ட ஒரு ஜிக்கை (பாகத்தை அசையாம பிடிச்சு வைக்கற கருவி) காட்டி "யத்தே மித்தே"ன்னார். பையன் என்னை பாத்தான். செஞ்சு பாருன்னு சொல்றார்னேன். யத்தேன்னா செஞ்சு, மித்தேன்னா பாரு. வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை, அதே பாரு! ட்ரை பண்ணுங்கறதுக்கு நம்மள மாதிரியே கண்ணால பாக்கற 'பாரு'வை போடறாங்க. கொரியன்லயும் அப்படித்தான், "மொகொ ப்வா"ன்னா சாப்ட்டு பாரு. வரேன்னு சொன்னான்ங்கறதுக்கு ஜாப்பனீஸ்ல "குரு தோ இத்தா", நடுவுல இருக்கற தோ தான் நம்ம 'னு'. வினைச்சொல் கடைசில வரும், 'ஐ' 'க்கு' 'ல' எல்லாம் பேருக்கு பின்னாடி ஒட்டும், 'நேத்து வந்த ஆளு' அப்படியே அதே வரிசைல வரும். இங்கிலீஷ் வழியா இதை படிச்சா தலை சுத்தும், மனசுக்குள்ள தமிழ்ல வச்சு படிங்க, பாதி கிராமர் தானா உக்காந்துடும். குறில் நெடிலும் அப்படி, ஒபசன்னா அத்தை வயசு பொம்பளை, ஒபாசன்னா பாட்டி, இது வெள்ளைக்காரங்களுக்கு பெரிய தலைவலி, படம் பாடம்னு பிரிச்சு பேசற நமக்கு காது ஏற்கனவே பழகியிருக்கு. (இதை வச்சு தமிழ்ல இருந்துதான் ஜாப்பனீஸ் வந்துச்சுன்னு கிளம்பிடாதீங்க, அதை மொழியியல் ஆளுங்க பெரும்பாலும் ஏத்துக்கறதில்ல, அமைப்பு ஒத்துப்போறது வேற, சொந்தம் வேற.)

ஆனா ஜாப்பனீஸ்ல மலை எங்க இருக்குன்னா எழுத்துல. ஹிராகானா கதாகானாங்கற ரெண்டு எழுத்து வரிசையை ரெண்டு வாரத்துல முடிச்சுடலாம், அப்புறம் காஞ்சிங்கற சைனீஸ் எழுத்துங்க, பொது உபயோகத்துக்குன்னு அரசாங்கம் வச்சிருக்கற லிஸ்ட்லயே 2136 இருக்கு. தினமும் உக்காந்து எழுதி எழுதி பாக்கற பொறுமை இருக்கானு உங்களையே கேட்டுக்கங்க. அந்த பொறுமை இல்ல ஆனா கிராமர் பிடிச்சிருக்குன்னா கொரியன் பக்கம் போங்க, செஜோங் ராஜா 1446ல வெளியிட்ட எழுத்து, அடிப்படை 24 தான், ஒரு சனி ஞாயிறுல படிச்சுடலாம். உச்சரிப்பும் மரியாதை வடிவங்களும் நேரம் எடுக்கும், வாங்க போங்க வா போன்னு வளர்ந்த நமக்கு அந்த மரியாதை எதுக்குன்னாவது புரியும்.

ஜெர்மன்ல எழுத்து பிரச்சனை இல்ல, பாலினம்தான். ஸ்பூன் ஆண்பால், ஃபோர்க் பெண்பால், கத்தி ரெண்டும் இல்ல, சின்ன பொண்ணுங்கற வார்த்தையும் ரெண்டும் இல்ல. லாஜிக் தேடாதீங்க, ஒவ்வொரு வார்த்தையையும் முன்னாடி போட்டு பாலினம் காட்டற டேர் டீ தஸ்ஸோட சேத்தே மனப்பாடம் பண்ணணும், முதல் நாள்ல இருந்து. பிரெஞ்சுக்கு காதுதான் எல்லாம், எழுதறதுல பாதி எழுத்து வாய்ல வராது. சைனீஸ்ல 'மா'வை நாலு ராகத்துல சொன்னா அம்மா, சணல், குதிரை, திட்டுன்னு நாலு அர்த்தம், அது நமக்கும் புதுசு. அரபிக்கு புத்தகத்துல ஒண்ணு தெருவுல ஒண்ணு, செந்தமிழ் பேச்சுத்தமிழ் மாதிரி, அதனால எந்த நாட்டுக்கு போறீங்களோ அந்த ஊர் பேச்சை கத்துக்குடுக்கற ஆளா தேடுங்க.

இப்ப கைல ரெண்டு மொழி மிஞ்சியிருக்கும். பீஸ் கட்டாதீங்க, ஒவ்வொண்ணையும் ஒரு வாரம் வச்சு பாருங்க, தினம் முக்கால் மணி நேரம் போதும். எழுத்து, எண்ணு, அப்புறம் உங்க வாழ்க்கையை பத்தி இருபது வாக்கியம், என் பேரு இது, எங்க ஊர் இது, எங்கம்மா டைலர், எனக்கு காபி பிடிக்காது, இப்படி. ஜெர்மனுக்கு அந்த நாட்டு ஒலிபரப்பு நிறுவனம் டாய்ச்சு வெல்லே 'நிகோஸ் வெக்'னு இலவசமா ஒரு கோர்ஸ் வச்சிருக்கு, ஜாப்பனீஸுக்கு ஜப்பான் ஒலிபரப்பு நிறுவனம் என்எச்கே வேர்ல்டோட 'ஈசி ஜாப்பனீஸ்' இருக்கு. மூணாவது வாரம் ரெண்டையும் நிறுத்திட்டு எதை நீங்களா திரும்ப எடுக்கறீங்கனு கவனிங்க. பஸ்ல போகும்போது வாய் தானா எதை முணுமுணுக்குதோ அதுல சேருங்க. நான் ஜெர்மனையும் ஜாப்பனீஸையும் இப்படி வச்சு பாத்துதான் சேர்ந்தேன், ஜெர்மன்லதான் அப்ப சம்பளம் ஜாஸ்தின்னாங்க, ஆனா நாலாவது நாளே அதை திறக்க மனசு வரல.

கிளாஸ் தேடும்போது சென்னைல ஜெர்மனுக்கு கதே இன்ஸ்டிடியூட், அதாவது மேக்ஸ் முல்லர் பவன், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், ஜாப்பனீஸுக்கு ஏபிகே ஏஓடிஎஸ் தோசோகாய், கொரியனுக்கு இன்கோ சென்டர்னு பழைய இடங்க இருக்கு, வேற சின்ன கிளாஸ்லயும் நல்ல டீச்சர் இருக்காங்க. எங்க போனாலும் ஒரு வகுப்பு உக்காந்து பாத்துட்டு, அந்த ஒரு மணி நேரத்துல ஸ்டூடண்ட் வாய் எவ்வளவு நேரம் அசைஞ்சுதுன்னு மட்டும் பாருங்க. நான் முதல்ல சேர்ந்த ஜாப்பனீஸ் கிளாஸ்ல நாப்பது பேர், பழைய கேள்வித்தாளை போட்டு ஏ பி சி டி டிக் அடிக்க வச்சே ஓட்டினாங்க, ஜேஎல்பிடிங்கற ஜாப்பனீஸ் பரிட்சைல பேசற பகுதியே கிடையாதுங்கறதால அப்படியும் பாஸ் ஆயிடலாம். நான் அதுல முதல் படியான என்5 பாஸ் ஆனேன், வேலை இன்டர்வியூல மேனேஜர் ஜாப்பனீஸ்ல ஊர் எதுன்னு கேட்டதுக்கு ஒரு முழு வாக்கியம் வரல. அப்புறம் தனியா ஒரு டீச்சர்கிட்ட வாரம் ரெண்டு நாள் வெறும் பேச்சு மட்டும் போய்தான் சரியாச்சு. மூணு மாசத்துல என்4, வேலை கேரண்டின்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

தேதி ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, ஜேஎல்பிடி இங்க வருஷத்துக்கு ரெண்டு தடவைதான், ஜூலை, டிசம்பர், ரிஜிஸ்ட்ரேஷன் அதுக்கு சில மாசம் முன்னாடியே முடிஞ்சுடும். பொங்கல் கழிச்சு ஆரம்பிக்கறவங்க ஜூலைக்கு ஓடாம டிசம்பர் என்5க்கு போடுங்க, நடுவுல கிடைக்கற அஞ்சு மாசத்துல வாயை திறந்து பேசி பழகிக்கலாம்.