வெள்ளைப் பாம்பெல்லாம் அல்பினோ இல்லை

சென்னையில் பால் பைத்தான் (ball python, வீட்டில் வளர்க்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வாங்க அலைகிறீர்களா? "அல்பினோ சார்" என்று காட்டினால் உடனே தலையாட்டாமல் முதலில் கண்ணைப் பாருங்கள். அல்பினோவில் மெலனின் கிடையாது, அதனால் கண் சிவந்தோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். உடம்பில் மஞ்சள் மட்டும் தங்கியிருக்கும். உடம்பு முழுக்க வெள்ளை, கண் நீலம் அல்லது கறுப்பு என்றால் அது லூசிஸ்டிக். மஞ்சளே இல்லாமல் கறுப்பும் சாம்பலுமாக இருந்தால் அக்ஸாந்திக்காக இருக்கலாம்.

கடையின் நீல எல்.இ.டி. வெளிச்சத்தில் எல்லாமே அழகுதான், பகல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். தோல் உரிக்கப்போகும் பாம்பு என்றால் கண்ணில் நீலப் படலம் படர்ந்து நிறமும் மங்கிக் கிடக்கும். உரித்த பிறகு போய்ப் பாருங்கள்.

மெல்லிய வலைக்கோடு போட்ட 'ஸ்பைடர்' வகையில் நரம்புக் கோளாறால் வரும் தலை ஆட்டமும் அந்த மரபணுவோடு சேர்ந்தே வரும். நான் வாங்க மாட்டேன்.

'ஹெட்' (heterozygous என்பதன் சுருக்கம்) என்று விற்பது, நிறத்தில் வெளியே தெரியாத ஒடுங்கு மரபணுவை உள்ளே சுமப்பது. அதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், தாய் தகப்பன் விவரத்தைக் கேளுங்கள்.

அப்புறம், நம்மூர் சாரையோ மலைப்பாம்போ எந்த நிறத்தில் கிடைத்தாலும் வீட்டில் வைக்க முடியாது. 1972 வனவிலங்குச் சட்டம் விடாது. பால் பைத்தானுக்கும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும்.