ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்துப் பாலைவன மடுக்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு மேற்கே நீள்கிறது வெஸ்ட் மெக்டோனல் தேசியப் பூங்கா. இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரண்டே மக்கள் அதை ஜோரிட்ஜா என்கிறார்கள். ஆறுகள் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். ஆனால் அவை மலையை அறுத்த இடுக்குகளில், நிழல் விழும் மடுக்களில் தண்ணீர் தங்கிவிடும். அந்தத் தண்ணீருக்காகவே இங்கே போக வேண்டும். ஒரு நாளில் முடிக்காமல் ஓர் இரவு தங்குங்கள்.

1. ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் போங்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூன், ஜூலை இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், கம்பளி அவசியம்.

2. வெளியூர்க்காரர்களுக்குப் பூங்கா அனுமதிச் சீட்டு தேவை. அதையும் கூடாரம் போடும் இடத்தையும் இணையத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். வழியில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் குடிநீர். பெட்ரோலை ஊரிலேயே நிரப்புங்கள்.

3. விடிந்ததும் ஊரிலிருந்து 18 கி.மீ. தொலைவிலுள்ள சிம்ப்சன்ஸ் கேப் என்ற மலையிடுக்கு. பாறைச் சரிவை அசையாமல் பார்த்துக்கொண்டிருங்கள், கங்காரு மாதிரியான சின்ன வாலபிகள் தென்படும். இங்கே குளிக்க அனுமதியில்லை.

4. உச்சிவெயிலுக்கு ஸ்டாண்ட்லி கேஸம் என்ற குறுகிய மலையிடுக்கு. அப்போதுதான் சூரியன் நேர்மேலே வந்து இருபக்கச் சுவரும் செக்கச் செவேலென்று எரியும். இது அரண்டே மக்களுக்குச் சொந்தமான இடம், தனிக் கட்டணம் உண்டு.

5. அப்புறம் எல்லரி கிரீக் மடு. இங்கே கொஞ்சம் கவனம். மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். பாறையிலிருந்து குதிக்கவே கூடாது. திடீர்க் குளிரில் மூச்சுத் திணறி, நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தடுமாறிப்போவார். முழங்கால், இடுப்பு என்று மெதுவாக இறங்குங்கள். சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்காதீர்கள், முழுக்கைச் சட்டை போதும். அடுத்த வெள்ளம் வரும்வரை மீனுக்கும் பறவைக்கும் இருப்பது இந்தத் தண்ணீர்தான்.

6. இருட்டுவதற்குள், ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 135 கி.மீ. தொலைவிலுள்ள ஆர்மிஸ்டன் கார்ஜ் என்ற பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்து கூடாரம் போடுங்கள். அந்திக்குப் பிறகு கங்காருவும் மாடும் சாலைக்கு வரும், வண்டி ஓட்டுவது ஆபத்து.

7. மறுநாள் விடிகாலையில் மலைகள் சூழ்ந்த சமவெளி வழியாகப் போகும் பவுண்ட் நடைபாதை, 8.5 கி.மீ. மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அது முடியாதென்றால் கோஸ்ட் கம் காட்சிமேடை வரையாவது ஏறுங்கள். வெள்ளைவெளேரென்ற ஒரு மரம், கீழே சிவந்த பாறை, அதற்கும் கீழே கரும்பச்சை மடு. நான் அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.