மையம் மூடிய பிறகுதான் ஆள் தேவை: வெள்ளத்தில் வீடிழந்த முதியவரோடு பழக

மலேசியாவில் 2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவிலும் வெள்ளம் வந்தபோது துயர்துடைப்பு மையங்களில் உதவிக்கு ஆள் இல்லாமல் போகவில்லை. முதல் வாரம் மைலோ, பிஸ்கட், பழைய துணி எல்லாம் மண்டப மூலையில் மலையாகக் குவியும். தண்ணீர் வடிந்து மையத்தை மூடியதும் வேன்கள் போய்விடும். வீடிழந்த பாட்டி, மகள் வீட்டு ஹாலில் மெத்தை போட்டுப் படுத்திருப்பார். மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் மாலை 6 மணி வரை பேச்சுக்கு ஆள் கிடையாது. உங்கள் பழக்கம் மையத்தில் தொடங்கட்டும், ஆனால் கணக்கு, மையம் மூடிய நாளிலிருந்துதான்.

முதல் முறை ஒருவராகவோ இருவராகவோ போங்கள். சங்கத்து டி-ஷர்ட்டோடு பத்துப் பேர் சூழ்ந்து நின்றால் அவர் நன்றி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். படம் எடுக்க வேண்டாம், அவரே கேட்டால் மட்டும். காலை 10 மணிக்கு மேல் நல்ல நேரம். மதியத் தூக்கத்தையும் விளக்கு வைக்கும் நேரத்தையும் விட்டுவிடுங்கள். அவர் பாயில் இருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். 20 நிமிடம் போதும். கிளம்பும்போது "அப்புறம் வர்றேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், "வியாழக்கிழமை பத்தரைக்கு வர்றேம்மா" என்று நாளைச் சொல்லுங்கள். சொன்ன நாளில் போக முடியாவிட்டால் முதல் நாளே போன் செய்யுங்கள். வீட்டையே பறிகொடுத்தவருக்கு, சொன்ன நேரத்தில் கதவைத் தட்டும் ஓர் ஆள் பெரிய பிடிமானம். இதில் தவறினால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

எடுத்த எடுப்பில் 'பாட்டி' என்று கூப்பிட வேண்டாம். 62 வயது அம்மாள் முகம் சுளிப்பார். 'அம்மா', 'ஐயா' என்று தொடங்குங்கள். "பாட்டின்னே கூப்பிடு" என்று அவர் சொல்லட்டும்.

"எவ்வளவு சேதம்?" என்று கேட்காதீர்கள். அதிகாரி, நிருபர், உறவுக்காரர் என்று பலருக்கு அதைச் சொல்லி அவர் அலுத்திருப்பார். "உயிர் தப்பியதே பெரிசு" என்பதும் வேண்டாம். போன பொருளுக்கு அழக்கூட உரிமையில்லை என்று சொன்னது போலாகும். "எந்தத் தோட்டத்துல இருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எழுபது வயதைத் தாண்டிய பலருக்கு நம் நாட்டில் ஊர் என்றால் ரப்பர் தோட்டம்தான். ரப்பர் மரம், லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு), மாரியம்மன் திருவிழா என்று பேச்சு தானாக ஓடும். அவரிடமே ஏதாவது உதவி கேட்பதும் நல்லது. ஒரு கைப்பிடி மல்லிகையும் வாழை நாரும் கொண்டுபோய்ச் சரம் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டே இருந்த கை கொடுக்கத் தொடங்கினால் குரலே மாறும்.

சாமான் என்றால் பலரும் அரிசி மூட்டையோடு வருவார்கள். முதியவருக்கு உண்மையில் இல்லாமல் போனது வேறு: மூக்குக் கண்ணாடி, பல் செட்டை ஊறப்போட மூடியுள்ள டப்பா, வழுக்காத ரப்பர் செருப்பு (கால் அளவு கேட்டு வாங்குங்கள்), கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. பாயிலிருந்து எழ முடியாத முழங்காலுக்கு 45 செ.மீ. உயரத்தில் ஓர் இருக்கை கிடைத்தால் பாதிக் கஷ்டம் தீரும். கோலாலம்பூரில் இருந்தால் ஒரு சின்ன ரேடியோவில் தமிழ் வானொலியான 96.3 மின்னல் எஃப்எம்மைத் திருப்பி, அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டிக் கொடுங்கள். சாப்பாடு கொண்டுபோகும் முன் அன்று சைவமா, என்ன விரதம் என்று கேளுங்கள்.

உடம்பில் கவனிக்க வேண்டியவை சில. மண்டபத்துக் கழிப்பறை தூரமாகவோ குந்தும் வகையாகவோ இருந்தால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். பிறகு தலைசுற்றல், சிறுநீர்த் தொற்று. நேற்று தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று குழம்பினால் "வயசு, அதிர்ச்சி" என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். வெள்ள நீரில் நடந்தவருக்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்; அது எலிக் காய்ச்சலாக இருக்கலாம். நனைந்த மாத்திரைகளைக் காயவைத்துச் சாப்பிட விடாதீர்கள். இன்சுலினை ஐஸ் மேல் நேரடியாக வைத்தால் உறைந்து கெட்டுவிடும். துணி சுற்றி வையுங்கள்.

நட்பு இறுகுவது பெரும்பாலும் பழைய புகைப்படங்களில்தான். கல்யாண ஆல்பம், இறந்த கணவரின் ஒரே படம், சேற்றோடு ஒட்டிக் கிடக்கும். வெயிலில் காயப்போட்டால் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே, முடிந்தால் 48 மணி நேரத்துக்குள், வேலையைத் தொடங்குங்கள். அதற்குமேல் பூஞ்சை பிடிக்கும். அகலமான பாத்திரத்தில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் எடுத்து, படத்தின் ஓரத்தைப் பிடித்து மெல்ல அலசுங்கள். முகம் இருக்கும் பக்கத்தை விரலாலோ துணியாலோ தேய்த்தால் சாயம் கையோடு வந்துவிடும். தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள். பிறகு சமையலறைத் தாளின் மேல், படம் மேல்நோக்கி இருக்க, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும். ஒட்டிய படங்களைப் பிய்க்காமல் தண்ணீரில் ஊறவிடுங்கள். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டியதைக் கண்ணாடியோடு அப்படியே அலசி, உலர்ந்ததும் போனில் படம் பிடித்து வையுங்கள். ஒரே நாளில் முடியாத அளவு இருந்தால், படங்களுக்கிடையே மெழுகுத் தாள் வைத்து, ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். வாரம் பத்துப் படமாக எடுத்துச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் "இது யாரும்மா?" என்று கேட்டு, பென்சிலால் பின்னால் பெயர் எழுதுங்கள்.

பத்திரங்களில் அவசரம் அடையாள அட்டை. தொலைந்திருந்தால் போலீஸ் ரிப்போர்ட் செய்து தேசிய பதிவிலாகாவுக்கு உடன் போங்கள். இயற்கைப் பேரிடரில் போனதற்குக் கட்டண விலக்கு உண்டு. உதவித் தொகைக்குப் பதிந்துவிட்டாரா என்று மகன், மகளிடம் கேளுங்கள். 2021 வெள்ளத்தில் குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் வாங் இஹ்சான் (அரசின் வெள்ள நிவாரணப் பணம்) கொடுத்தார்கள். பாரத்தை அவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள், ஆனால் ஐசி (அடையாள அட்டை), வங்கி அட்டை, ரகசிய எண் எதையும் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம். யாராவது வாட்ஸ்அப்பில் ஐசி படம் கேட்டால் அனுப்பக்கூடாது என்றும் சொல்லி வையுங்கள். பிள்ளைகளிடம் நீங்கள் யார், எந்த நாளில் வருகிறீர்கள் என்பதை முதல் வாரமே தெரிவியுங்கள். இல்லையென்றால் சந்தேகம் வரும், அது நியாயமும்கூட. கைமாற்று கேட்டால் அங்கேயே பணத்தை நீட்டாமல் பிள்ளைகளிடம் பேசுங்கள். நிலைமை மோசமானால் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999.

மழை பயம்தான் நீண்ட நாள் விடாது. மாலையில் வானம் கருத்தாலே சிலர் துணிமூட்டையோடு வாசலில் நிற்பார்கள். "பயப்படாதீங்க" என்பதைவிட, ஆற்றின் நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டு, "இப்ப அளவு சாதாரணமா இருக்கும்மா, ஒன்பது மணிக்கு மறுபடி பார்த்துச் சொல்றேன்" என்று போன் செய்வது வேலை செய்யும். ஒன்பதுக்கு மறக்காமல் கூப்பிடுங்கள். கதவருகே ஆணியில் ஒரு பை தொங்கட்டும்: 7 நாள் மருந்து, ஐசி நகல், கண்ணாடி, டார்ச், பெரிய எழுத்தில் மூன்று போன் எண்கள். மருந்தை மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.