பலத்த தீக்காயம்: செவிலியர் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலத்த தீக்காயத்தோடு ஒருவர் வந்தால் எல்லோர் கண்ணும் காயத்துக்குத்தான் போகும். அதைவிட அவசரம் மூச்சுக்குழாய். மூடிய அறையில் புகைக்குள் சிக்கியவர், முகம் வெந்தவர், மூக்குமுடி கருகியவர், சளியில் கரி தெரிபவர் என யாராக இருந்தாலும், ‘நன்றாகத்தானே பேசுகிறார்’ என்று விட்டுவிடக் கூடாது. உள்வீக்கம் முதல் 24 மணி நேரம் வரைகூட ஏறலாம். வரும்போது தெளிவாகப் பேசியவருக்கு இப்போது குரல் கம்முகிறதா, எச்சில் விழுங்கத் திணறுகிறாரா? உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சிழுக்கும்போது கீச்சென்ற சத்தம் வரட்டும் என்று காத்திருந்தால், மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதே பெரும்பாடாகிவிடும்.

சரி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறதே? கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்ஸிஜன் ஏறியதாகவே காட்டும். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று தனியே காட்டும் கோ-ஆக்ஸிமெட்ரி சோதனையின் முடிவு வரும்வரை அந்த எண்ணை நம்பி ஆக்ஸிஜனைக் குறைக்கக் கூடாது.

கை அல்லது காலைச் சுற்றிலும் வெந்திருந்தால், ‘நாடி கிடைக்கிறது’ என்று எழுதிவிட்டு நகர்வது அடுத்த தவறு. வெந்து இறுகிய தோல் விரியாது. உள்ளே வீக்கம் கூடக்கூட ரத்த ஓட்டம் நெரிபடும். நாடி கடைசியில்தான் மறையும். அதற்கு முன்பே விரலை மெல்ல நீட்டினால் வலி உயிர்போகும், மரத்துப்போகும், நுனி வெளுத்துச் சில்லிடும். மணிக்கொரு முறை இதையெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டும். மார்பைச் சுற்றி வெந்திருந்தால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

திரவக் கணக்கில் அடிக்கடி சறுக்குவது நேரம். முதல் 24 மணி நேரத்துக்கான அளவில் பாதியை 8 மணி நேரத்துக்குள் கொடுப்பது வழக்கமான கணக்கு. அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நொடியில் தொடங்குகிறது, வார்டுக்கு வந்த நேரத்தில் இல்லை. வெறுமனே சிவந்த தோலைக் காயப் பரப்பில் சேர்த்தால் திரவம் அளவுக்கு மீறிப் போகும். வயிறு கல்லாக இறுகி சிறுநீர் குறையும். சிறுநீர் குறைகிறதே என்று இன்னும் திரவம் ஏற்றினால் நிலைமை மோசமாகும். பெரியவர்களுக்கு மணிக்கு எடையில் கிலோவுக்கு 0.5 மி.லி. சிறுநீர் பொதுவான இலக்கு. மின்சாரம் தாக்கியவருக்கு அது அடர் தேநீர் நிறத்தில் வந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள். உடனே தெரிவிக்க வேண்டும். அவருக்கு ஈ.சி.ஜி.யும் தேவை.

அப்புறம் காய்ச்சல். பெரிய தீக்காயத்தில் கிருமி இல்லாமலே உடல்சூடு 38.5 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஆகவே சூட்டை மட்டும் வைத்து செப்சிஸை, அதாவது கிருமித்தொற்றால் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலையை, பிடிக்க முடியாது. நேற்றுவரை ஏற்றுக்கொண்ட குழாய் உணவு இன்று வயிற்றில் தேங்குவது, சர்க்கரை திடீரென ஏறுவது, ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சரிவது, புதுக் குழப்பம், காயத்தில் கரும்புள்ளிகள், 36.5-க்குக் கீழே இறங்கும் சூடு: இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த ஷிஃப்டுக்குத் தள்ளாமல் அப்போதே சொல்லிவிடுங்கள்.