அரிய விஸ்கி சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்: சேலத்து வெயிலும் ஏற்காட்டு ஈரமும்

போன டிசம்பரில் ஏற்காட்டில் என் மாமா வீட்டில் ஒரு பாட்டிலைத் திறந்தோம். நாகலூர் போகிற வழியில், காபித் தோட்டத்தை ஒட்டிய பழைய ஓட்டு வீடு. மாமாவின் அண்ணன் 1994-ல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த 12 வருஷ சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த ஸ்காட்லாந்து விஸ்கி) அது. ஒயினை அப்படித்தான் வைப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மாமா முப்பது வருஷமும் அலமாரியில் படுக்கவைத்தே வைத்திருந்தார். மேலுறையைக் கிழித்து மூடியைத் திருகியதும் கார்க்கின் மேல் பாதி மட்டும் கையோடு வந்தது. கீழ்ப் பாதி ஊறிய ரொட்டி போல உதிர்ந்து உள்ளே விழுந்தது. லேபிளின் ஓரமெல்லாம் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள். கழுத்துவரை இருந்திருக்க வேண்டிய சரக்கு தோள்பட்டைக்கு இறங்கியிருந்தது.

அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் மாமா பெருமையோடு சொன்னார்: “இதுக்கு இப்ப 42 வயசு ஆகுது மாப்பிள்ளை.”

ஆகவில்லை. நான் அதிகம் கேட்கிற தவறான கணக்கு இதுதான். விஸ்கிக்கு வயது ஏறுவது மரப் பீப்பாயில் இருக்கிறவரை மட்டுமே. நிறம், வெனிலா வாசம், காரம் எல்லாம் ஓக் மரத்திலிருந்து இறங்குகிறவை. கரித்த உட்புறம் புது சாராயத்தின் கந்தக நெடியை இழுத்துக்கொள்கிறது. மரத்தின் வழியே உள்ளே போகும் காற்று மெல்ல மெல்லச் சுவையை மாற்றுகிறது. கண்ணாடிக்குள் அடைத்த அன்றே இதெல்லாம் நின்றுவிடும். 12 வருஷ விஸ்கி உங்கள் பேரன் கல்யாணத்துக்கும் 12 வருஷ விஸ்கிதான். பழைய பாட்டிலுக்கு விலை ஏறுகிறது என்றால், அந்தக் காலத்துச் சரக்கு இனிமேல் கிடைக்காது என்பதால். உள்ளே முதிர்ந்துவிட்டது என்பதால் அல்ல. லேபிளில் போட்டிருக்கும் எண், அதில் கலந்திருக்கும் விஸ்கிகளிலேயே இளையதன் வயது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதை ஒட்டியே வருகிறது அடுத்த தவறு: பெரிய எண்ணாகப் பார்த்து வாங்குவது. நம் நகைத் தொழிலில் சேதாரம் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். பீப்பாய்க்கும் சேதாரம் உண்டு. ஸ்காட்லாந்தின் குளிரில் வருஷத்துக்கு 2 சதவீதம் அளவுக்கு ஆவியாகிறது. அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூருவில் அம்ருத் வடிசாலையில் அதே சேதாரம் 10 சதவீதத்தைத் தாண்டும். வெயிலில் மரமும் சரக்கும் வேகமாகப் பேசிக்கொள்கின்றன, நாலைந்து வருஷத்திலேயே விஸ்கி பழுத்துவிடுகிறது. அம்ருத் 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் கொண்டுபோய் விற்றது கிளாஸ்கோவில், ஸ்காட்ச்சின் சொந்த வீட்டிலேயே. பின்னால் எட்டு, பத்து, பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் தாங்கிய கொஞ்சத்தை மட்டும் ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’, அதாவது பேராசை பிடித்த தேவதைகள், என்ற பெயரில் வெளியிட்டார்கள். நம் வெயிலில் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு பீப்பாயில் எதுவும் மிஞ்சுவதே பெரிய விஷயம். ஸ்காட்லாந்து எண்ணை வைத்து அதை அளந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் உண்மையான அரிய சரக்கைத் தவறவிடுவோம்.

அப்படியென்றால் அரியது எது? விலை அதிகம் என்பது அளவுகோல் இல்லை. ஜானி வாக்கர் ப்ளூ லேபிள் விலை உயர்ந்தது, நல்ல விஸ்கியும்கூட. ஆனால் எந்த விமான நிலையத்திலும் கிடைப்பது அரியது ஆகாது. ‘லிமிடெட் எடிஷன்’ என்று அச்சடித்திருந்தால், எத்தனை பாட்டில் என்று எண் போட்டிருக்கிறதா பாருங்கள். எண் இல்லையென்றால் அந்த வார்த்தைக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். மூடிப்போன வடிசாலைகளின் சரக்கு நிஜமாகவே அரியது. ஜப்பானின் கருயிசாவா 2000-த்தில் உற்பத்தியை நிறுத்தியது, மறுபடி தொடங்கவில்லை. ஸ்காட்லாந்தின் போர்ட் எலன், ப்ரோரா இரண்டும் 1983-ல் மூடின. ப்ரோரா 2021-லும் போர்ட் எலன் 2024-லும் மறுபடி திறந்தன. ஆனாலும் 1983-க்கு முன் வடித்தது எவ்வளவு மிச்சமோ அவ்வளவுதான். ஒவ்வொரு பாட்டில் திறக்கும்போதும் அது குறைகிறது.

உச்சத்தில் இருப்பது ஸ்காட்லாந்தின் மெக்காலன் வடிசாலையின் 1926 விஸ்கி. அந்த வருஷம் வடித்து, 263-ம் எண் பீப்பாயில் அறுபது வருஷம் வைத்திருந்து, 1986-ல் அடைத்தார்கள். மொத்தம் 40 பாட்டில். அதில் 12-க்கு இத்தாலிய ஓவியர் வலேரியோ அடாமி வரைந்த லேபிள். அந்தப் பன்னிரண்டில் ஒன்று 2023 நவம்பரில் லண்டனில் சதபீஸ் ஏலத்தில் ஏறத்தாழ 21.9 லட்சம் பவுண்டுக்குப் போனது. நம் பணத்தில் 22 கோடி ரூபாய்க்கு மேல். எனக்கு அந்தத் தொகையைவிட ஏலத்துக்கு முன் நடந்தது முக்கியமாகப்படுகிறது. பாட்டிலை வடிசாலையே வரவழைத்துப் பார்த்து, கார்க்கையும் மேலுறையையும் மாற்றி, லேபிளின் மூலைகளைப் புதிதாக ஒட்டி, உள்ளிருப்பதில் ஒரு மில்லியை எடுத்து, தன்னிடமுள்ள இன்னொரு பாட்டிலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக் கொடுத்தது. இவ்வளவு விலை போன பாட்டிலுக்கே கார்க்கும் பசையும்தான் கவலை என்றால், நம் வீட்டு அலமாரியைப் பற்றி நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

பாதுகாப்பு விஷயத்தில் நம் ஊருக்கு இரண்டு முகம். ஒரே மாவட்டத்தில், முக்கால் மணி நேரப் பயண தூரத்தில், இரண்டு விதமான எதிரி.

சேலத்தில் எதிரி வெயில். ஏப்ரல், மே மாதங்களில் 38, 40 டிகிரி சாதாரணம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் பரணில் கை வைத்துப் பார்த்திருப்பீர்கள், மாலை ஆறு மணிக்கும் சுடும். யார் கண்ணிலும் படக்கூடாது என்று பலரும் பாட்டிலை ஒளித்து வைப்பது அங்கேதான். பகல் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து கார்க்கை நெருக்கி வெளியேறப் பார்க்கிறது, இரவில் சுருங்குகிறது. வருஷக்கணக்கில் தினமும் இது நடந்தால் மட்டம் இறங்கும், வாசம் போகும். நிலையான 28 டிகிரியைவிட 24-க்கும் 38-க்கும் நடுவே ஆடுவது மோசம். தரைத்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத உள் அறையில், பீரோவின் கீழ்த்தட்டு நல்ல இடம். பட்டுப்புடவைக்குப் போட்ட அந்துருண்டை அதே பீரோவில் இருந்தால் வேறு இடம் பாருங்கள். அட்டைப்பெட்டியில் ஏறிய அந்த நாற்றம் போகவே போகாது. ஹாலில் கண்ணாடி ஷோகேஸில் வைப்பவர்கள் வெயில் படுகிறதா என்று கவனியுங்கள். லேபிள் மட்டுமல்ல, விஸ்கியின் நிறமும் வெளுக்கும்.

ஏற்காட்டில் எதிரி ஈரம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், குளுகுளுவென்று இருக்கிறது, விஸ்கிக்கு இதைவிட நல்ல இடம் உண்டா என்றுதான் மாமாவும் நினைத்தார். கண்ணாடிக்குள் இருக்கும் சரக்குக்கு அது சரிதான். ஆனால் சேகரிப்பாளர் வாங்குவது சரக்கை மட்டும் இல்லையே. லேபிள், அட்டைப்பெட்டி, கூட வந்த சான்றிதழ் எல்லாம் சேர்ந்துதான் விலை. மழைக்காலத்து மூடுபனி ஜன்னல் வழியாகவே வீட்டுக்குள் வந்துவிடுகிற மலையில் காகிதம் ஊறும், பசை விடும், பூஞ்சை பிடிக்கும். லேபிளைக் காக்க பாட்டிலைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் சுற்றச் சொல்வார்கள். குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் அது பலிக்கலாம். ஏற்காட்டில் இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும் என்பது என் அபிப்பிராயம். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, மாதம் ஒருமுறை பையை மாற்றுவது மேல்.

எந்த ஊரானாலும் பாட்டில் நின்றபடிதான் இருக்க வேண்டும். ஒயினில் சாராயச் சத்து 12, 14 சதவீதம்; அது கார்க்கை நனைத்து ஊதவைத்துக் காற்றை அடைக்கிறது. விஸ்கியில் 40-க்கு மேல். அது கார்க்கை அரிக்கும். கார்க் காய்ந்துவிடுமோ என்று பயந்தால் சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு நொடி சாய்த்து நிமிர்த்துங்கள், போதும். வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுங்கள், மட்டம் இறங்குவது தெரிந்துவிடும். ராயல் சல்யூட் போலப் பீங்கான் குடுவையில் வருபவற்றில் உள்ளே பார்க்க முடியாது. சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வைப்பதுதான் வழி.

அப்புறம், போலி. அழகாபுரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வருஷம் ஒரு படத்தைக் காட்டினார். வாட்ஸ்அப்பில் வந்தது, 1970-களில் இங்கிலாந்தில் வாங்கிய ஸ்காட்ச்சாம், பாதி விலைக்குக் கிடைக்குமாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். லேபிளின் கீழே 70 சென்டிலிட்டர் என்று இருந்தது. அங்கே முழு பாட்டில் 75-லிருந்து 70-க்கு மாறியதே 1990-ஐ ஒட்டித்தான். பின்பக்கம் பார்கோடு வேறு. கடையில் ஒரு பொருளை பார்கோடு வைத்து முதன்முதலில் விற்றது 1974-ல், அமெரிக்காவில். நண்பர் பணத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

ஏமாறுவது நாம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2017-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு ஓட்டலில் 1878 மெக்காலன் என்று சொல்லி ஒரே ஒரு பெக்கை பத்தாயிரம் டாலர் அளவுக்கு விற்றார்கள். பரிசோதித்தபோது அது 1970-களின் தொடக்கத்தில் வடித்தது, சிங்கிள் மால்ட்டும் இல்லை, கலப்பு விஸ்கி என்று தெரிந்தது. 2018-ல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று 55 அரிய பாட்டில்களைச் சோதித்ததில் 21 போலி, அல்லது சொன்ன வருஷத்தில் வடித்தவை அல்ல. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14, அதற்குப் பின் விளைந்த பார்லியில் பதிந்திருக்கும். அதை அளந்து கண்டுபிடிக்கிறார்கள். வீட்டில் நாம் அதைச் செய்ய முடியாது. பில், வாங்கிய இடம், கைமாறிய வரலாறு, இவைதான் நமக்கு உரைகல். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசை உரசிப் பார்க்காமல் யாரும் எடைக்கு விலை சொல்ல மாட்டார்கள். கொலுசையாவது உருக்கினால் வெள்ளி மிஞ்சும், போலி விஸ்கியில் எதுவும் மிஞ்சாது. ஒன்று நம் கையில் இருக்கிறது: நல்ல பாட்டில் காலியானதும் அப்படியே பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். லேபிளை ஆணியால் கீறிவிட்டுப் போடுங்கள். நிரப்பி விற்பவனுக்கு வேண்டியது அந்தக் காலி பாட்டில்தான்.

இதை முதலீடாக நினைப்பவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம். நீங்கள் பத்து வருஷம் பொத்திவைத்த பாட்டிலை இன்னொருவருக்கு விற்றாலும் குற்றம்தான். அந்த மதுவிலக்குச் சட்டம் 1937-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது வந்தது; முதலில் அமலானதே அவர் வக்கீலாக இருந்த நம் சேலம் மாவட்டத்தில், அந்த வருஷம் அக்டோபர் 1-ம் தேதி. மதுவிலக்கு போய் டாஸ்மாக் வந்தாலும் அதே சட்டம்தான் இன்றைக்கும் ஆள்கிறது. வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒருவர் தீர்வையில்லாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம், அந்தப் பில்லைப் பாட்டிலோடு சேர்த்து வையுங்கள். வெளிநாட்டு ஏலங்களில் பணத்தை இரட்டித்தவர்கள் கதை அங்கே விற்க உரிமை உள்ளவர்களுக்குப் பொருந்தும். ‘ஸ்காட்லாந்தில் உங்கள் பேரில் ஒரு பீப்பாய்’ என்று போனில் அழைப்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அழகான சான்றிதழ் உரிமை ஆகாது. பீப்பாய் இருக்கும் கிடங்கு தன் பதிவேட்டில் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால்தான் அது உங்களுடையது. ஒரே பீப்பாயைப் பல பேருக்கு விற்ற கதைகள் உண்டு.

அதனால் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இதை என்றைக்காவது திறக்கத் தயாரா? தயார் என்றால் வாங்குங்கள்.

திறந்த பிறகும் ஒரு தவறு நடக்கிறது. இரண்டு பெக் ஊற்றிவிட்டு, மீதியை வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். பாதிக்கு மேல் காற்று இருந்தால் சில மாதங்களிலேயே வாசம் தட்டையாகிவிடும். சின்ன பாட்டிலுக்கு மாற்றி, வாய்வரை நிரப்பி மூடுங்கள்.

மாமாவின் பாட்டிலையும் அப்படித்தான் காப்பாற்றினோம். அத்தை காபி வடிகட்ட வைத்திருந்த புது மல் துணியை வெந்நீரில் அலசிக் கொடுத்தார். கார்க் துகளெல்லாம் துணியில் தங்க, தேன் நிறத்தில் விஸ்கி இறங்கியது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குடித்தோம். முன்னால் கொஞ்சம் மரத்தூள் வாசம், பின்னால் உலர்திராட்சை, கடைசியில் மெல்லிய புகை. 42 வயது இல்லை, 12 தான். ஆனால் 1994-ல் அண்ணன் தோளில் பையோடு படியேறி வந்ததைப் பற்றி மாமா அன்றைக்கு ரொம்ப நேரம் பேசினார். மறுநாள் காலை, அலமாரியில் மிச்சமிருந்த இரண்டு பாட்டில்களையும் நிமிர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைத்து, மூடியில் தேதி எழுதி ஒட்டிவிட்டுத்தான் மலையிறங்கினேன்.