எலும்பு அறுவை சிகிச்சைத் தேர்வு: மாதிரி வினாக்களோடு படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து எம்.எஸ். ஆர்த்தோ, டி.என்.பி. ஆர்த்தோ என்ற எலும்பு அறுவை சிகிச்சை மேற்படிப்புகளுக்குப் போன பிள்ளைகளிடம் தேர்வு நேரத்தில் பேசினால், இத்தனை எம்.சி.க்யூ. (கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி) முடித்துவிட்டேன் என்ற கணக்குதான் முதலில் வரும். தவறும் அங்கேதான் தொடங்குகிறது. விடையைச் சரிபார்த்ததும் அடுத்த கேள்விக்குத் தாவினால் மனதில் எதுவும் தங்காது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். மாமரத்திலிருந்து விழுந்த ஆறு வயதுப் பையன். முழங்கைக்குச் சற்று மேலே சூப்ராகாண்டைலர் முறிவு, எக்ஸ்டென்ஷன் வகை, அதாவது கீழ்த்துண்டு பின்னால் தள்ளப்பட்டது. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொன்னால் முடியவில்லை. எந்த நரம்பு அடிபட்டிருக்கிறது? ஆன்டீரியர் இன்டராஸியஸ். இது எல்லோருக்கும் தெரியும். சரி, அல்நார் நரம்பு எப்போது விடையாகும்? முறிவு ஃப்ளெக்ஷன் வகையாக, அதாவது கீழ்த்துண்டு முன்னால் தள்ளப்பட்டதாக இருந்தால். ரேடியல் நரம்பு? கீழ்த்துண்டு பின்பக்கமாக, உட்புறம் நகர்ந்திருந்தால். கை வெளுத்து, நாடியும் கிடைக்கவில்லையென்றால்? ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமுக்குக் காத்திராமல் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோய் எலும்பை நேராக்க வேண்டும். அதற்குப் பிறகும் கைக்கு ரத்த ஓட்டம் திரும்பவில்லையென்றால் தமனியைத் திறந்து பார்க்க வேண்டும். தவறான விடைகள் ஒவ்வொன்றும் எந்த நோயாளிக்குச் சரியாக இருக்கும் என்று கேட்டுக் கேட்டுப் படித்தால், மாலைக்குப் பத்துக் கேள்வி போதும்.

இதே பையனை நம் பக்கத்தில் முதலில் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட அழைத்துப் போவதும் உண்டு. கட்டு இறுகி, உள்ளே வீங்கி, தசை செத்துப்போனால் பின்னாளில் தசை சுருங்கிக் கை மடங்கிப்போன வோல்க்மன் கான்ட்ராக்சராக, தேர்வில் சிறிது நேரத்தில் பரிசோதித்துக் காட்ட வேண்டிய ஷார்ட் கேஸாக, அவன் உங்கள் முன் உட்கார்ந்திருப்பான். மணிக்கட்டை மடக்கினால் விரல்கள் நீளும், நிமிர்த்தினால் சுருண்டுகொள்ளும். வினா வங்கியில் அது ஒரு வரிதான். வார்டில் ஒரு முறையாவது அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தவர்தான் தேர்வாளர் முன் தடுமாறாமல் செய்து காட்டுவார். கேள்வியைத் தனியாகவும் நோயாளியைத் தனியாகவும் படிப்பதை நான் பெரிய தவறாக நினைக்கிறேன்.

எழுதிப் பழகாமல் இருப்பது அடுத்தது. அமெரிக்காவில் எலும்பு மருத்துவர்கள் எழுதும் போர்டு தேர்வின் முதல் பகுதி முழுக்கக் கொள்குறி வினாக்கள்தான். அதற்காகச் செய்த வினா வங்கிகளை மட்டும் நம்பி டி.என்.பி. எழுதப் போகக் கூடாது. இங்கே தியரி நான்கு தாள், தாளுக்கு மூன்று மணி நேரம், பத்துக் கேள்வி. ஒரு கேள்விக்குப் பதினெட்டு நிமிடம், படம் வரைவதும் அதற்குள்ளேதான். கடிகாரத்தை வைத்துக்கொண்டு கையால் எழுதிப் பாருங்கள்.

வெளிநாட்டு வங்கியோடு நின்றால் நம் ஊர் வேலையும் கண்ணில் படாமல் போகும். சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்த இரவிலோ, நெடுஞ்சாலை விபத்திலோ வரும், தோல் கிழிந்த திறந்த கால் முறிவுக்கு, காயத்தின் கடுமையைத் தரம் பிரிக்கும் கஸ்டிலோ வகைப்பாட்டைப் பட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அதில் 3பி என்ற ஒரே தரத்துக்குள் காப்பாற்றக்கூடிய காலும் இருக்கிறது, முடியாத காலும் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் கோவை கங்கா மருத்துவமனையின் மதிப்பெண் முறை வந்தது. 14 வரை என்றால் காலைக் காப்பாற்றலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் அகற்ற வேண்டியிருக்கும். நடுவில் 15, 16 வந்தால் அனுபவமுள்ளவர்கள் பார்த்து முடிவெடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் தேர்வெழுதுபவர் இதைத் தெரியாமல் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, போகவே கூடாது.

தப்பான விடைகளுக்குத் தனி நோட்டு வையுங்கள். தெரியாமல் போட்டதா, அவசரத்தில் 'தவிர' என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டதா, இரண்டு விடைக்கு நடுவில் குழம்பியதா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். சிட்டையில் கிடப்பதைப் பேரேட்டில் ஏற்றினால்தான் கணக்கு நேராகும் என்று செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி இரண்டு வாரம் புது வினா வங்கி எதையும் திறக்க வேண்டாம். அந்த நோட்டை ஒரு நண்பர் கையில் கொடுத்து, கேள்வி கேட்கச் சொல்லி, வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள்.