அரைமண்டி நிற்கவில்லையா? வீட்டில் அடவுப் பயிற்சி செய்வது இப்படித்தான்

பரதநாட்டியம் கற்கத் தொடங்கி ஆறு மாதம் ஆனால் போதும், வீட்டில் கேள்வி வந்துவிடும்: "இன்னும் தெய்யா தெய்தானா, எப்ப பாட்டுக்கு ஆடுவே?" தெய்யா தெய் என்பது அடவுப் பயிற்சியில் சொல்லும் தாளச் சொல். அந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அடவு, அதாவது நடனத்தின் அடிப்படை அசைவு, சரியாக அமையும் முன்பே ஆரம்ப நடனமான அலாரிப்புக்கு அவசரமாகத் தாவியவர்கள் பின்னால் வர்ணம் என்ற நீண்ட நடனத்தில் அரைமண்டி தாங்காமல் திணறுவார்கள், நானும் அதில் ஒருத்தி. வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்றால் மற்ற நாட்களில் 45 நிமிடம் ஒதுக்குங்கள், ஆனால் அந்த நேரத்தில் உருப்படி, அதாவது முழு நடனம், எதையும் தொடக் கூடாது, அடவு மட்டும்தான்.

முதல் பத்து நிமிடம் உடம்பு சூடாக. வேகமாக நடப்பது, நின்ற இடத்தில் மெல்ல ஓடுவது, கணுக்காலைச் சுழற்றுவது எல்லாம் சரி. காலை நீட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும் ஸ்ட்ரெச்சைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அரைமண்டி, அதாவது முட்டியைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை. பலரும் பாதத்தை எவ்வளவு பக்கவாட்டில் திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பிவிட்டு, அதற்குப் பிறகு முட்டியை மடக்குகிறார்கள். இடுப்பு மூட்டு அந்த அளவுக்குத் திறக்கவில்லை என்றால் முட்டி முன்னால் விழும், உள்பாதம் தரையில் சரியும், அந்த முறுக்கு முழுவதையும் முட்டிதான் தாங்கும். ஆகவே தொடை இடுப்பிலிருந்து திரும்பட்டும், பாதம் அதன் பின்னாலேயே வரட்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் முட்டி கால்விரல்களுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். இல்லையா, பாதத்தின் கோணத்தைக் கொஞ்சம் குறையுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பின்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றால் மண்டி ஆழமாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் இடுப்புதான் வலிக்கும். முதுகைச் சுவரில் சாய்த்து நேராக இறங்கிப் பாருங்கள், உங்கள் உண்மையான ஆழம் தெரிந்துவிடும்.

இனி பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவு. சீராகத் தாளம் கொடுக்கும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 50 அடி என்று வையுங்கள். செயலியின் ஓர் அடிக்குக் காலால் ஒரு தட்டு என்பது முதல் காலம், அதாவது முதல் வேகம், அதே அடிக்கு இரண்டு தட்டு இரண்டாம் காலம், நான்கு என்றால் மூன்றாம் காலம், அதாவது நிமிடத்துக்கு 200 தட்டு. எல்லோருக்கும் மூன்றாம் காலத்தின் மேல்தான் கண். என்னைக் கேட்டால் கஷ்டம் முதல் காலத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் இரண்டு தட்டுக்கு நடுவில் ஒளிய இடமே கிடையாது, மண்டியிலேயே காத்திருக்க வேண்டும், தொடை நடுங்குவது எதிரில் நிற்பவருக்கும் தெரியும். பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், குதிகால் ஒரு சத்தம் விரல் ஒரு சத்தம் என்று இரண்டாகக் கேட்டால் தப்பு. காலைத் தூக்கும்போது தலை எழும்பக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மண்டியில் நிற்கும்போது உங்கள் தலை உயரத்துக்குக் கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டிவிடுவது.

காலை நீட்டி ஆடும் நாட்டடவில் கவனம் முழுக்க நீட்டுகிற காலுக்கே போகும். நீங்கள் நிற்கிற காலைப் பாருங்கள், அதுதான் மெதுவாக எழுந்துவிடும். கைகளைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கும் நாட்யாரம்பத்தில் முழங்கை தொங்குவதும் இதே மாதிரிதான், பத்தாவது நிமிடத்தில் களைப்பு வந்ததும் தானாக இறங்கியிருக்கும்.

கண்ணாடியையே நம்பாதீர்கள். பார்வை அங்கேயே ஒட்டிக்கொண்டால் கழுத்தும் கண்ணும் கை போகும் பக்கம் போகாது. வாரத்தில் ஒரு நாள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஆடுங்கள், இரண்டு நிமிடம் பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுங்கள். பார்க்கச் சகிக்காது, பரவாயில்லை, ஒரே ஒரு தப்பைக் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் முழுக்க அதை மட்டும் திருத்துங்கள்.

தரை முக்கியம். அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்ட மரத்தளம் கிடைத்தால் யோகம். நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் கான்கிரீட் மேல் டைல்ஸ்தான், அங்கே ஓங்கி மிதிக்க வேண்டாம், கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வருவதும் குறையும். மெத்தென்ற தடித்த விரிப்பு மட்டும் கூடாது, கணுக்கால் புரளும்.

தொடை எரிச்சல் சகஜம், ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் முன்காலின் எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் சுள்ளென்று வலித்தால், முட்டி வீங்கினால், தட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஆடாத அந்த நாட்களில் உட்கார்ந்தபடி தாளம் போட்டு, அடவுக்கான தாளச் சொற்களாகிய சொல்லுக்கட்டை மூன்று காலத்திலும் வாயால் சொல்லுங்கள். எனக்கு நாக்கு எங்கே புரண்டதோ, அநேகமாக அங்கேதான் காலும் தடுமாறியிருந்தது.